அம்மா அப்பாவுக்கு ஒரு வீடு... ஆம்பூரிலா, காட்பாடியிலா, கோவையிலா? சீனியர் குடியிருப்பு தேடும் பிள்ளைகளுக்கு ஒரு கைடு!

திங்கட்கிழமை விடியற்காலை ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்க. ஏலகிரி எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் லேப்டாப் பை, மீதிப் பேர் கையில் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ். பிளாட்பாரத்தில் ஓர் அப்பா நிற்பார். ரயில் கிளம்பியதும் மெதுவாகப் படியேறி வீட்டுக்குப் போவார். அவருக்கு 68 வயசு, முட்டி வலி. வீடு முதல் மாடியில்.

ரயிலில் உட்கார்ந்ததும் நீங்க போனை எடுத்து 'சீனியர் லிவிங் நியர் வேலூர்' என்று தேடுறீங்களா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தேடினால் வருவது எல்லாம் ஒரே மாதிரி படங்கள். வெள்ளை முடி தாத்தா பாட்டி, பச்சைப் புல்தரை, கையில் காபி கப். அந்தப் படத்துக்கும் உங்கள் அப்பாவுக்கும் நடுவில் சில கேள்விகள் இருக்கு. அதில் சில கேள்விகள் இந்தத் தோல் பெல்ட்டில் வாழ்ந்தவங்களுக்கு மட்டுமே தெரிந்தவை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4%. 2031-ல் இது 18 சதவிகிதத்தைத் தாண்டும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. அதனால் இந்தத் தேடலில் நீங்க தனி ஆள் இல்லை. உங்க ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரும் அநேகமாக இதைத்தான் தேடிட்டிருப்பார்.

முதல்ல பெரியப்பா கதை

என் பெரியப்பா ஒரு ஷூ கம்பெனியில் 31 வருஷம் சூப்பர்வைசர். ரிட்டையர் ஆனதும் அண்ணன் வெளிநாட்டில், அக்கா பெங்களூரில். எல்லோரும் சேர்ந்து பேசி, வேறொரு ஊரில் இருக்கும் ஒரு சீனியர் குடியிருப்பில் பெரியப்பா, பெரியம்மாவைச் சேர்த்தோம். இடத்தின் பெயர் வேண்டாம். குறை சொல்லும்படி இடம் இல்லை. சுத்தம், தோட்டம், நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தது.

ஏழாவது மாசம் பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பியபோது நிர்வாகம் ஒப்பந்தத்தைக் காட்டியது. 'தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்கள் மட்டுமே இந்த பிளாக்கில் தங்கலாம்' என்று ஒரு வரி. பெரியம்மா பராமரிப்பு பிளாக்குக்கு மாற வேண்டும். அங்கே பெரியப்பா கூடத் தங்க முடியாது, பார்வை நேரத்தில் வரலாம். 44 வருஷம் ஒரே வீட்டில் இருந்தவங்க. அந்த வரியை நாங்க யாரும் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போடும்போது அண்ணன் வீடியோ காலில் இருந்தான், நான் தோட்டத்தை போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன்.

அவங்க ஊருக்கே திரும்பிட்டாங்க. டெபாசிட் திரும்பி வர இன்னும் 11 மாசம் ஆச்சு. அதனால்தான் கீழே இருப்பதில் பாதி, ஒப்பந்தத்தைப் பற்றியே இருக்கும். பொறுத்துக்கோங்க.

எந்த மாதிரி இடம் என்று முதலில் தெளிவாகுங்க

'ரிட்டையர்மென்ட் ஹோம்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் விற்கப்படுகின்றன. தாங்களே நடமாடி, தாங்களே முடிவெடுக்கும் பெரியவர்களுக்கான வீடுகள் ஒன்று. சமையல், வீட்டு வேலை, அவசர மணி எல்லாம் இருக்கும், ஆனால் நர்ஸ் பக்கத்திலேயே இருக்க மாட்டார். குளிக்க, உடை மாற்ற, மாத்திரை எடுக்க ஆள் துணை கொடுக்கும் இடங்கள் இரண்டாவது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு முழுநேரப் பராமரிப்பு தருவது மூன்றாவது. இவை தவிர, அறக்கட்டளைகளும் அரசு உதவி பெறும் அமைப்புகளும் நடத்தும் முதியோர் இல்லங்கள் தனி.

சேரும்போது எல்லோருமே முதல் வகைதான். கேள்வி என்னன்னா, 10 வருஷம் கழித்து மூன்றாவது வகை தேவைப்பட்டால் அதே வளாகத்தில் கிடைக்குமா? அப்போது துணைவர் கூட இருக்கலாமா? கட்டணம் எவ்வளவு? இதற்கான பதில் புரோஷரில் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தில் இருக்கணும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் தலைநகர் கோவை. கோவைகேர், நானா நானி, செரீன் என்று பெயர் தெரிந்த குடியிருப்புகள் அந்தப் பக்கம் 2000-களிலிருந்தே வளர்ந்தன. தட்பவெப்பம், நல்ல மருத்துவமனைகள், ஓரளவு மலிவான நிலம் ஆகியவை காரணம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அந்த அளவுக்குக் கிடையாது. இங்கே பெரும்பாலும் நீங்க பார்க்கப்போவது சாதாரண அபார்ட்மென்ட்டில் சில வசதிகளைச் சேர்த்து 'சீனியர் ஃபிரெண்ட்லி' என்று போர்டு மாட்டியவை, சிறிய இல்லங்கள், இல்லைன்னா நீங்களே வாடகை வீடு பிடிச்சு ஆள் வைத்துச் செய்யும் ஏற்பாடு. கடைசியில் சொன்னதைக் குறைவாக நினைக்காதீங்க. அதுக்குப் பிறகு வர்றேன்.

தண்ணீர்... தண்ணீர்... மறுபடியும் தண்ணீர்

கோவை கைடுகளில் இந்தத் தலைப்பு இருக்காது. இங்கே இதுதான் முதல் கேள்வி.

பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கு. இந்தத் தொழில் நம்ம ஊருக்குச் சோறு போட்டது, அதில் சந்தேகமே இல்லை. என் ஸ்கூல் ஃபீஸே அதிலிருந்துதான் வந்தது. கூடவே நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதுதான். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது அதுதான். தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கு. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி கடுமையாகத் தீர்ப்பு சொன்னது. அப்படின்னா 29 வருஷம் கழிச்சும் விஷயம் முடியலை.

ராணிப்பேட்டை கதை வேறு. அங்கே குரோமேட் ரசாயனம் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை அப்படியே விட்டுட்டுப் போனது. 2006-ல் ஓர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட 'உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள்' பட்டியலில் ராணிப்பேட்டை பெயர் இருந்தது.

இதுக்காக ஊரையே ஒதுக்க வேண்டாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தாச்சு. மேட்டூரிலிருந்து காவிரி கூட்டுக் குடிநீர் இந்தப் பக்கம் வருது. தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். அதனால் ஊர் பெயரை வைத்து முடிவெடுக்காம, அந்த வளாகத்தின் தண்ணீரை வைத்து முடிவெடுங்க.

எப்படி? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ் மீட்டர் பேனா கிடைக்கும். வீடு பார்க்கப் போகும்போது பையில் போட்டுக்கோங்க. மாதிரி வீட்டில் தரும் பாட்டில் தண்ணீரை அளக்காதீங்க, பாத்ரூம் குழாயைத் திறந்து அளங்க. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லைன்னா 2,000 வரை ஏற்கலாம். ஆனால் இந்தப் பேனா மொத்த உப்பை மட்டும்தான் காட்டும். குரோமியம் இருக்கா இல்லையா என்று அதுக்குத் தெரியாது. குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், இதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கு. மாதிரி கொடுத்து, குரோமியத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்க. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே செலவு இதுதான் என்று யாராவது கேட்டால் நான் சொல்வேன்.

'எங்ககிட்ட ஆர்.ஓ இருக்கு சார்' என்பார்கள். நல்லது. ஆர்.ஓ சரியாக வேலை செய்தால் உப்பும் குரோமியமும் பெருமளவு குறையும். எங்கெங்கே வருது என்று கேளுங்க. பொதுச் சமையலறையில் சோறு வடிக்கும் தண்ணீர் ஆர்.ஓ-வா, போரா? ஃபில்டர் கடைசியாக எப்போ மாத்தினாங்க, பதிவேடு காட்ட முடியுமா? டாக்டர் அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார், நாம் ஊறுகாயை ஒளித்து வைப்போம், தண்ணீர் வழியாகவே உப்பு போயிட்டிருக்கும். உப்புத் தண்ணீரில் குளித்தால் வயதான தோலில் அரிப்பு வருவதும் இங்கே பல வீடுகளில் கேட்கிற புகார்தான்.

ஒரு டிப்ஸ். வளாகத்தின் செக்யூரிட்டி அண்ணனிடமோ, எதிர்த்த டீக்கடையிலோ, 'இங்க போர் தண்ணி எப்படிண்ணே?' என்று கேட்டுப் பாருங்க. சேல்ஸ் ஆபீஸில் வராத பதில் வரும்.

ஆறு வறண்டுதானே கிடக்கு என்று கரையோர பிளாட்டை எடுத்துடாதீங்க. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அதே மாதம் பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தாங்க. தேடும் இடத்தில் 2021-ல் எதுவரை தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்க, சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுவாங்க.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை ராத்திரி 2 மணிக்கு அளங்க

இந்தப் பகுதியின் பெரிய பலமே இதுதான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையில் தொடங்கியதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறது. அங்கே முதியோர் மருத்துவத்துக்கென்று தனித் துறையே இருக்கு. ராணிப்பேட்டைப் பக்கம் கீழ்மின்னலில் நெடுஞ்சாலை ஓரமாக அதன் புதிய வளாகமும் வந்துவிட்டது. அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னைக்காரர்களே பொறாமைப்படும் நிலைமை.

ஆனால் 'சி.எம்.சி-க்கு அருகில்' என்ற விளம்பரத்தை நம்பாதீங்க. வேலூரில் தோட்டப்பாளையத்தில் இருக்கும் பழைய வளாகமா, கீழ்மின்னல் வளாகமா என்று கேளுங்க. எந்தப் பிரிவு எந்த வளாகத்தில் இயங்குகிறது என்பதையும் மருத்துவமனையிலேயே விசாரிச்சுடுங்க. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், நகருக்குள் நுழைந்த பிறகு கிரீன் சர்க்கிள் நெரிசலில் மீதி. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாமே. காட்பாடி, பாகாயம், சத்துவாச்சாரி பக்கம் வீடு பார்ப்பவர்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வளாகத்தில் ஆம்புலன்ஸ் இருக்கு என்றால், டிரைவர் ராத்திரி அங்கேயே தூங்குகிறாரா, வீட்டுக்குப் போகிறாரா? அவசர மணியை அழுத்தினால் யார் வருவாங்க? போய்ப் பார்க்கும்போது அனுமதி கேட்டு ஒரு தடவை அழுத்திப் பாருங்க. ஆள் வர எத்தனை நிமிஷம் ஆச்சு என்று போனில் டைமர் போடுங்க. தயங்காதீங்க, இதில் மரியாதைக்குறைவு ஒண்ணுமில்லை.

வீட்டுக்குள்ளே

கதவு அகலம் 90 செ.மீ. இருந்தால் வீல்சேர் போகும். பாத்ரூம் கதவை அளங்க, பெரும்பாலும் அதுதான் குறுகலாக இருக்கும். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கணும் அல்லது ஸ்லைடிங்காக இருக்கணும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் திறப்பீங்க? சாய்வுதளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்கணும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது விளம்பரத்துக்குப் போட்ட ரேம்ப். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை நிலையிலேயே நுழையுமா? டைல்ஸில் தண்ணீர் ஊற்றி வெறுங்காலில் நடந்து பாருங்க. பெரியம்மா விழுந்த பாத்ரூமில் டைல்ஸ் ரொம்ப அழகாக இருந்தது.

அப்புறம், வேலூர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும் ஊர் இது. மேல்மாடி வீடு விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் கூரைச் சூடு. ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் வராந்தா விளக்குக்கும் மட்டுமா, வீட்டுக்குள் ஒரு ஏ.சி-யும் ஃபிரிட்ஜும் ஓடுமா? இன்சுலின் எடுப்பவங்க வீட்டில் ஃபிரிட்ஜ் என்பது மருந்துப்பெட்டி. முடிஞ்சா வீட்டை மே மாசம் மதியம் 3 மணிக்குப் போய்ப் பாருங்க. மார்கழியில் எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும்.

பிரியாணி, பள்ளிவாசல், பேச்சுத்துணை

சின்ன விஷயம் மாதிரித் தோணும். பெரியவர்கள் திரும்பி வருவதற்கு நான் கேட்ட காரணங்களில் இதுதான் அதிகம்.

பல சீனியர் குடியிருப்புகளில் பொதுச் சமையலறை சுத்த சைவம். சில இடங்களில் வீட்டுக்குள்ளே அசைவம் சமைக்கவும் கூடாது. சைவக் குடும்பங்களுக்கு அது நிம்மதி, தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சீரகச் சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் இல்லாமல் 70 வருஷம் கழிச்சிராத ஆம்பூர்க்காரரை அங்கே கொண்டுபோய் விட்டால்? அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். 'சாப்பாடெல்லாம் நல்லாதாம்பா இருக்கு' என்பார். குரலில் தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் எத்தனையோ வீடுகளில் உருது பேசுவாங்க. ஐந்து வேளையும் பாங்கு ஒலி காதில் விழுந்து வளர்ந்தவங்க. நோன்பு மாசத்தில் விடியற்காலை சஹருக்குச் சமையலறை திறக்குமா? வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு வண்டி கிடைக்குமா? கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞாயிறு ஆராதனைக்கு? கோயிலுக்குப் போகும் அம்மாவுக்கு நடக்கும் தூரத்தில் சந்நிதி இருக்கா? பூஜை அறை, சின்னக் கோயில் என்று வளாகத்துக்குள்ளேயே வைத்திருப்பாங்க. உங்க வீட்டுக்கு அது பொருந்துமா என்று நீங்கதான் பார்க்கணும். 'எல்லா மதத்தினரும் இருக்காங்களா?' என்று கேட்கக் கூச்சப்படாதீங்க. பொதுக்கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பதில் கிடைச்சுடும்.

பணம்: அழகான எண்ணுக்குப் பின்னாடி இருக்கும் எண்

நேரடியாகப் பேசுவோம். தோல், ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்த நம்ம அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலும் இ.பி.எஃப் பென்ஷன்தான். அதன் கணக்கு இப்படி: சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 35 வருஷம் வேலை பார்த்திருந்தாலும் மாதம் 7,500 ரூபாய். குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து 1,000 ரூபாய். தைக்கும் பிரிவில் வேலை பார்த்த அம்மாக்கள் பலருக்கு அந்த ஆயிரத்துக்குப் பக்கத்தில்தான் வருது. அதனால் எந்தக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தாலும், மாதக் கட்டணத்தைக் கட்டப்போவது நீங்கதான். 'அப்பா காசில் அப்பா வீடு' என்று ஆரம்பித்து, மூணாவது வருஷம் அண்ணன் தம்பிக்குள் யார் கட்டுவது என்று நிற்காதீங்க. முதல்லயே உட்கார்ந்து பேசுங்க.

ஆம்பூர் வீட்டை விற்ற பணத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் (ஒருவருக்கு அதுதான் உச்சவரம்பு), 8.2% வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதம் 20,500. இருவருக்கும் சாப்பாடு, பராமரிப்பு சேர்த்து மாதம் 30,000 ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். கட்டணம் வருஷத்துக்கு 8% ஏறினால் 10 வருஷத்தில் அது ஏறத்தாழ 65,000 ஆகியிருக்கும். வட்டி அப்படியேதான் இருக்கும். 'வருடாந்திர உயர்வு எவ்வளவு, உச்சவரம்பு உண்டா?' என்ற கேள்வியை எழுத்தில் வாங்குங்க. 'நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்று மட்டும் இருந்தால், நான் எழுந்து வந்துடுவேன்.

ஜி.எஸ்.டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுடுங்க. 12ஏஏ பதிவு பெற்ற அமைப்புகள் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நடத்தும் முதியோர் இல்லங்களில், உணவு, தங்குமிடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வரி விலக்கு உண்டு. தனியார் நிறுவனங்களில் கதை வேறு.

வாங்குவதா, நீண்டகால குத்தகையா, வாடகையா? சொந்தமாக வாங்கினால் பத்திரம் உங்க பெயரில். ஆனால் பல வளாகங்களில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தங்க முடியாது. வாரிசாக உங்களுக்கு வீடு வரும், நீங்க குடியிருக்க முடியாது. விற்கணும்னா வாங்குறவரும் மூத்த குடிமகனாக இருக்கணும், சில இடங்களில் நிர்வாகத்துக்கு மாற்றக் கட்டணமும் கட்டணும். குத்தகையில் பெரிய டெபாசிட் கொடுத்து ஆயுள் முழுக்கத் தங்கலாம். ஆனால் ஒருவர் இறந்த பிறகு மற்றவர் தொடர முடியுமா, டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பாங்க, எத்தனை நாளில் திரும்பத் தருவாங்க? 'அடுத்தவர் குடிவந்த பிறகு' என்று இருந்தால் அதுக்கு ஒரு கடைசித் தேதியும் எழுதச் சொல்லுங்க. என் அனுபவத்தில் 11 மாசம் தின்றது இந்த ஒரு வரிதான். இந்த ஊர்ப் பக்கம் முதல் முறையாகத் தேடுறவங்களுக்கு என் ஓட்டு வாடகைக்குத்தான், குறைந்தது முதல் வருஷத்துக்கு.

சட்டம் உங்க பக்கம் எங்கே நிற்குது?

புதுக் கட்டடம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமும் எட்டு வீடுகளுக்கு மேலும் இருந்தால் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டரே சரிசெய்யணும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துடலாம், போனிலேயே ஆகிற வேலை.

ரிட்டையர்மென்ட் ஹோம்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. சாய்வுதளம், வழுக்காத தரை, மின் பேக்கப், குடியிருப்பவரின் உரிமைகள் என்று நிறைய இருக்கு. மாதிரி வழிகாட்டுதல்தான், மீறினால் அபராதம் என்று கிடையாது. ஆனால் அதை பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போய், 'இதில் எதெல்லாம் உங்ககிட்ட இருக்கு?' என்று கேட்கலாம். ஒருத்தர் படிச்சிட்டு வந்திருக்கார் என்று தெரிந்தாலே சேல்ஸ் பேச்சு மாறும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. பல வீடுகளில் அப்பா ஆம்பூர் வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்து, 'நீ எங்களைப் பார்த்துக்கோ' என்பார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவு, பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய வழி தருது. அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தான பத்திரத்தை ரத்து செய்து, இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. இதைப் படிக்கிற நீங்க பிள்ளைதான். உங்களுக்கு எதிரான பிரிவை நீங்களே அப்பாவுக்குச் சொல்லுங்க, நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதவும் சொல்லுங்க. புகார் என்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இருக்கு. 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடி கோட்டத்தில் வருது. பழைய நினைப்பில் வேலூருக்கு அலையாதீங்க.

கையெழுத்துக்கு முன்னாடி

விருந்தினர் அறை எல்லா நல்ல குடியிருப்பிலும் இருக்கும். அப்பா அம்மாவை இரண்டு வாரமாவது காசு கொடுத்துத் தங்க வையுங்க. நீங்க கூடப் போகாதீங்க. நீங்க இருந்தால் அது டூர் ஆயிடும். தங்கும் நாட்களில் ஒரு மழை நாளோ, கரன்ட் போகும் நாளோ வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைச்சுக்கோங்க. ஏற்கெனவே குடியிருக்கும் இரண்டு பேரிடம், முடிந்தால் துணையை இழந்து தனியாக இருக்கும் ஒருவரிடம், அப்பாவையே பேசச் சொல்லுங்க. அவங்களுக்குள் வரும் பேச்சு நம்மகிட்ட வராது.

முடிவை அவங்க எடுக்கணும். 'உங்க நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் எதையும் நான் பெரியப்பாவிடம் இனி சொல்வதில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இப்போ காட்பாடியில், ஒரு தரைத்தள வாடகை வீட்டில் இருக்காங்க. கம்யூனிட்டி கிடையாது, கிளப் ஹவுஸ் கிடையாது. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி நாங்களே அடித்தோம், கதவை மாற்றினோம். ஓனர் ஒத்துக்கிட்டார், காலி பண்ணும்போது கம்பியை விட்டுட்டுப் போகணும் என்ற நிபந்தனையோட. காலையில் ஓர் அக்கா வந்து பெரியம்மாவைக் குளிப்பாட்டி நடக்க வைப்பாங்க. சமையலுக்கு ஓர் ஆள். மாசச் செலவு முன்னாடி கட்டியதைவிட அதிகமாக ஆகலை. குறையும் இருக்கு: ஆள் லீவு போட்டால் அன்றைக்கு எல்லாம் நிற்கும், அக்கா பெங்களூரிலிருந்து பஸ் ஏறணும். ராத்திரிக்கு ஆள் இல்லை, பக்கத்து வீட்டு காலேஜ் பையனிடம் சாவி ஒண்ணு கொடுத்து வெச்சிருக்கோம்.

அந்த வீட்டுக் குழாயில் டி.டி.எஸ் 740 காட்டியது. குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ போட்டாச்சு. குரோமியம் ரிப்போர்ட் வந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐ பெரியம்மா போனில் இரண்டாவதாகப் பதிந்து வெச்சிருக்காங்க. முதல் எண் பெரியப்பாவோடது. அவர் அடுத்த அறையில்தான் இருக்கார்.